தெய்வச் செயலும் டயர் வெடிப்பும்



2010ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் புனேயிலிருந்து மும்பையை நோக்கிச் சென்றுகொண்டிருந்த ஒரு மோட்டார் காரின் பின்சக்கரத்து டயர் வெடித்தது. வண்டி வழியை விட்டு விலகிச் சாலையோரத்துப் பள்ளத்தில் விழுந்தது. அதில் பிரயாணம் செய்தவர்களில், தம் குடும்பத்துக்கு ஒரே ஆதாரமாக விளங்கிய ஒருவர், நாற்பது வயதைக்கூட எட்டாதவர், உயிர் துறந்தார். அவருடைய குடும்பத்தார் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை நாடினர். 2016ஆம் ஆண்டில் அத்தீர்ப்பாயம் ஒன்றேகால் கோடி ரூபாய் அளவுக்கு நஷ்ட ஈடு கொடுக்க உத்தரவிட்டது. அதை எதிர்த்துப் பம்பாய் உயர்நீதிமன்றத்துக்குச் சென்ற இன்ஷூரன்ஸ் நிறுவனம் எடுத்துரைத்த வாதங்களில் முக்கியமானது, டயர் வெடித்தது தெய்வச் செயல், அதற்கு மனிதர் எவரும் பொறுப்பாளி ஆகமாட்டார் என்பதாகும். 2023ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. எவரும் முன்னறிய இயலாததும், எந்த மனிதருடைய பொறுப்புக்கும் உட்படாததுமான கடும் இயற்கை நிகழ்ச்சியையே சட்டம் தெய்வச் செயலாகக் கொள்ளும் என்றும், மிதமிஞ்சிய வேகம், காற்றுக் குறைவு, காற்று மிகுதி, பழைய டயர், உஷ்ணம் ஆகிய காரணங்களால் வெடிக்கும் டயர் அந்த வகையைச் சேராது என்றும், புறப்படுமுன் டயரின் நிலையைச் சோதித்துக்கொள்வது வண்டியை ஓட்டுகிறவரின் கடமை என்றும் அந்தத் தீர்ப்பு கூறியது.

இத்தீர்ப்பைப் பத்திரிகையில் படித்த நாள்முதல் என் உள்ளம் இதைச் சுற்றியே இயங்கிவருகிறது. நம் நாட்டில் நெடுஞ்சாலை விபத்தில் ஒருவரைப் பறிகொடுத்த வீட்டுக்குத் துக்கம் கேட்கச் செல்பவர்கள், 'நேரம் அப்படி, யார் என்ன செய்ய முடியும்' என்று சொல்வது வழக்கம். துக்க வீட்டில் அந்தச் சொல் கருணையின் வடிவம். அதை நான் ஒருபோதும் குறை கூறமாட்டேன். ஆனால் அதே சொல் துக்க வீட்டை விட்டு வெளியேறி, வண்டி செப்பனிடும் பட்டறைக்கும், சரக்கு ஏற்றும் கிட்டங்கிக்கும், முதலாளியின் மேசைக்கும் வந்து அமர்ந்துகொள்ளும்போது, அது அடுத்த மரணத்துக்கு வழிகோலுகிறது. ஆகையால் நீதிமன்றம் தெய்வத்தின் தலையிலிருந்து அந்தப் பழியை இறக்கிவைத்தது மிக நல்ல காரியம் என்றே கருதுகிறேன். எனினும் இறக்கிய சுமையை யார் தலையில் ஏற்றுவது? பெரும்பாலும் வண்டி ஓட்டியவர் தலையில்தான் அது ஏறுகிறது; அவரோ பல சமயங்களில் இறந்துபோயிருப்பார், அல்லது ஆஸ்பத்திரிப் படுக்கையில் வாய் பேச இயலாமல் கிடப்பார். டயர் வெடிப்பு தெய்வச் செயல் அன்று என்பது எவ்வளவு உண்மையோ, ஓட்டுநர் ஒருவருடைய செயலும் அன்று என்பது அவ்வளவு உண்மை என்று நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கைக்குரிய காரணங்களை உங்கள் முன்னிலையில் விரித்துரைக்கவே இன்று, லாரித் தொழிலை உயிர்த்தொழிலாகக் கொண்ட இந்த நாமக்கல் நகரத்துக்கு வந்தேன்.

டயரின் தன்மையை அறியாமல் அதன் நாசத்தை அறிந்துகொள்ள முடியாது. வண்டியின் பாரத்தைச் சுமப்பது ரப்பர் என்றே சாமானியமாக நாம் எண்ணுகிறோம். ரப்பரும், அதற்குள் புதைந்துகிடக்கும் நூல்வரிசைகளும், எஃகுக் கம்பி வளையங்களும் காற்றை அடக்கிவைக்கும் பாத்திரம் மாத்திரமே. பாரத்தை ஏந்தி நிற்பது உள்ளே அடைபட்ட காற்று. 1200 கிலோகிராம் எடையுள்ள ஒரு காரில் சக்கரம் ஒன்றுக்கு ஏறக்குறைய 300 கிலோகிராம் பாரம் விழுகிறது. உள்ளே சதுர அங்குலத்துக்கு 33 பவுண்டு அழுத்தம் இருக்குமானால், அந்தப் பாரத்தைத் தாங்குவதற்கு டயர் தரையில் பதியவேண்டிய பரப்பு சுமார் 130 சதுர சென்டிமீட்டர். அதாவது விரல்களையும் சேர்த்து ஒரு மனிதனுடைய கையளவு. மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் விரைகிற ஒரு குடும்பம், நான்கு கையளவு ரப்பரின்மேல் தன் உயிரை வைத்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பும் அச்சமும் ஒருங்கே உண்டாகின்றன.

காற்றைக் கொண்டு பாரத்தைத் தாங்கலாம் என்ற எண்ணம் ஸ்காத்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவருக்கு உதித்தது. அவர் 1845ஆம் ஆண்டிலேயே அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். குதிரை வண்டிகளின் காலமாகையால் உலகம் அதை மறந்தது. பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை வைத்தியர் ஜான் பாய்ட் டன்லப், தம் சிறுமகனுடைய மூன்று சக்கர வண்டி கல்தரையில் குலுங்குவதைக் கண்டு மனம் இரங்கி, அதே கருத்தை மீண்டும் உருவாக்கி, 1888ஆம் ஆண்டில் உரிமைப் பத்திரம் பெற்றார். 1895ஆம் ஆண்டு பிரான்ஸில் பாரிஸிலிருந்து போர்தோவுக்குச் சென்று திரும்பும் சுமார் 1200 கிலோமீட்டர்ப் பந்தயத்தில் மிஷெலின் சகோதரர்கள் முதன்முதலாகக் காற்றடைத்த டயர்களோடு ஒரு மோட்டார் வண்டியை ஓட்டினார்கள், வழியெல்லாம் பஞ்சர்கள், பந்தயத்தில் அவர்கள் வெல்லவில்லை, ஆயினும் அந்த வண்டி போய்த் திரும்பியது. இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக, வெயிலில் ஒட்டிக்கொள்ளும் பசையாகவும் குளிரில் நொறுங்கும் கட்டியாகவும் இருந்த ரப்பரைக் கந்தகத்தோடு சூடேற்றி நிலைத்த பொருளாக்கும் முறையை 1839ஆம் ஆண்டில் கண்டவர் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர். உலகத்தின் டயர்களுக்கு வேண்டிய பாலைக் கொடுத்த மலேயாத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவிய கைகளுள் எத்தனையோ தமிழ்க் கைகள் இருந்தன என்பதையும் இவ்விடத்தில் நினையாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி, வெடிப்பு எவ்வாறு நேர்கிறது என்பதைப் பார்ப்போம். சக்கரம் சுழலும்போது டயரின் ஒவ்வொரு பகுதியும் தரையைத் தொடும் கணத்தில் அமுங்கி மடங்குகிறது. தரையை விட்டதும் நிமிர்கிறது. காரின் டயர் ஒரு சுற்றில் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம் செல்வதால், மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது ஒரு மணி நேரத்தில் ஐம்பதாயிரம் முறைக்குமேல் அது மடங்கி நிமிர வேண்டியிருக்கிறது. ஓர் இரும்புக் கம்பியை இருகையாலும் பிடித்து முன்னும் பின்னும் மடக்கினால் ஒடிவதற்கு முன் அந்த இடம் சூடேறுவதை நாம் எல்லோரும் சிறுவயதில் உணர்ந்திருக்கிறோம். டயருக்குள்ளும் அதுவே நடைபெறுகிறது. ரப்பர் மடங்கும்போது வாங்கிக்கொண்ட சக்தி முழுவதையும் நிமிரும்போது திருப்பித் தருவதில்லை. தராமல் நிறுத்திக்கொண்ட பகுதி உஷ்ணமாகிறது. உஷ்ணத்தை எளிதில் வெளியே விடும் குணமும் ரப்பருக்குக் கிடையாது. காற்று உரிய அளவில் இருக்கும்போது மடிப்பு சிறிது. பிறக்கும் உஷ்ணமும் வெளியேறும் உஷ்ணமும் சமனாக நின்றுவிடும். காற்றுக் குறைந்தாலோ, பாரம் கூடினாலோ, வேகம் எல்லை கடந்தாலோ மடிப்பு பெரிதாகிறது; உஷ்ணம் உள்ளேயே ஏறுகிறது. ரப்பருக்கும் எஃகுக் கம்பிக்கும் இடையே உள்ள பிணைப்புத் தளர்கிறது. அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. பிரிந்த இடம் மேலும் உராய்ந்து மேலும் சூடாகிறது. இவ்வளவும் கண்ணுக்குத் தெரியாமல், பல நாட்களாக, சில சமயம் பல மாதங்களாக நடந்துகொண்டிருக்கும். ஒருநாள் பிற்பகலில் பெரும் ஓசையோடு வெளிப்படுவது இந்த நெடுங்கதையின் கடைசி விநாடி மாத்திரமே.

இங்கே ஒரு தவறான அபிப்பிராயத்தை நான் அழுத்தமாக மறுக்க வேண்டியிருக்கிறது. 'கோடைக் காலத்தில் காற்று விரிந்து டயர் வெடித்துவிடும். ஆகையால் இரண்டு மூன்று பவுண்டு குறைத்தே பிடிக்கவேண்டும்' என்று அனுபவம் மிக்க ஓட்டுநர்களும் சொல்லக் கேட்கிறோம். வழியில் நிறுத்தித் தொட்டுப் பார்த்து, கை சுடுகிறதென்று வால்வை அமுக்கிக் காற்றை வெளியேற்றுபவர்களும் உண்டு. காற்று விரிவது உண்மைதான். ஆனால் எவ்வளவு? காலையில் 27 டிகிரியில் 33 பவுண்டு பிடித்த டயர், ஓடிச் சூடேறி உள்ளே 57 டிகிரியை அடையுமானால், அழுத்தம் ஏறக்குறைய 38 பவுண்டாகும். நல்ல டயர் ஒன்றைச் செய்பவர்கள் இந்த ஏற்றத்தையெல்லாம் கணக்கில் கொண்டே செய்கிறார்கள். அதைக் கிழிப்பதற்கு இதைப்போல் பன்மடங்கு அழுத்தம் வேண்டும். மாறாக, அந்த ஐந்து பவுண்டை வெளியேற்றிவிட்டால் நடப்பது என்ன? டயர் மேலும் அமுங்குகிறது. மடிப்பு மேலும் பெரிதாகிறது. எந்த உஷ்ணத்துக்கு அஞ்சினோமோ அந்த உஷ்ணத்தையே நம் கையால் வளர்த்துவிடுகிறோம். டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில், வண்டியைச் செய்தவர்கள் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் குறித்த அளவுக்குக் காற்றைப் பிடித்துவிட்டு, பிறகு வழியில் அதைத் தொடாமல் இருப்பதே முறை. நைட்ரஜன் பிடித்தால் இந்தக் கவலையே இல்லை என்று சிலர் கருதுகிறார்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பங்கு நைட்ரஜன் இருக்கிறது. அதனால் வரும் நன்மை சிறிது, அளவைச் சோதிக்கும் கடமையை அது நீக்கிவிடாது.

நம் தேசத்தில் புதிய விரைவுச் சாலைகள் உண்டான பிறகு இந்த அபாயம் புது முகம் கொண்டிருக்கிறது. 2002ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பட்ட மும்பை–புனே விரைவுச் சாலையும், 2012ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட, கிரேட்டர் நொய்டாவையும் ஆக்ராவையும் இணைக்கும் 165 கிலோமீட்டர் நீளமுள்ள யமுனா விரைவுச் சாலையும் கான்கிரீட்டால் ஆனவை. இரண்டிலும் கோடைதோறும் டயர் வெடித்த விபத்துகள் செய்தியாகின்றன. உடனே கான்கிரீட்டின்மேல் பழி சுமத்துகிறார்கள். தரையின் சூடும், சொரசொரப்பும் தம் பங்கைச் செய்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பழைய சாலையில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஓர் ஊரும், ஒரு சந்தையும், ஒரு ரயில்வே கேட்டும் வந்து வண்டியை நிறுத்தின. டயருக்கு ஆறுவதற்கு அவகாசம் கிடைத்தது. விரைவுச் சாலையிலோ இரண்டு மணி நேரம் ஒரே வேகம், ஒரே மடிப்பு, ஓய்வே இல்லாத உஷ்ணம். ஊர்ச் சாலையில் ஆண்டுக்கணக்காகச் சோதனைக்கு உட்படாமல் மறைந்திருந்த பலவீனத்தை விரைவுச் சாலை ஒரே பிற்பகலில் வெளிப்படுத்திவிடுகிறது. சாலையைப் போட்டவர்களுக்கும் இதில் கடமை உண்டு. நுழைவாயிலில் சுங்கம் வசூலிக்க எத்தனை ஆட்களை நிறுத்துகிறார்களோ, அவர்களில் ஒருவர் கையிலாவது அழுத்தமானியைக் கொடுத்து உள்ளே வரும் டயர்களைப் பார்க்கச் சொல்லலாம்.

பொறுப்பு எத்தனை கைகளில் பரவிக்கிடக்கிறது என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தைவிடத் தெளிவான சாட்சி வேறில்லை. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவித்தது. அவற்றில் பெரும்பாலானவை ஃபோர்டு நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர் என்னும் வண்டிகளில் மாட்டப்பட்டவை. நெடுஞ்சாலை வேகத்தில் ஓடுகையில் டயரின் மேற்பட்டை உள்ளிருக்கும் கம்பிப் பட்டையை விட்டு உரிந்து வந்துவிட, வண்டிகள் நிலை தடுமாறி உருண்டன. அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் கணக்குப்படி 271 பேர் மாண்டார்கள். டெக்ஸாஸ், ஃபிளாரிடா, அரிஸோனா போன்ற வெப்பம் மிகுந்த தென்பகுதி ராஜ்யங்களிலேயே விபத்துகள் மிகுந்திருந்தன. டயர் செய்தவர்கள், வண்டியின் அமைப்பையும், ஃபோர்டு நிறுவனம் 26 பவுண்டு போதும் என்று சிபாரிசு செய்ததையும் காட்டினார்கள்; 30 பவுண்டு பிடித்திருக்க வேண்டும் என்றார்கள். வண்டி செய்தவர்கள் டயரின் தயாரிப்பைக் காட்டினார்கள். இல்லினாய் ராஜ்யத்தில் டிகேட்டர் நகரத்துத் தொழிற்சாலையில் செய்த டயர்கள்மீது விசேஷமான சந்தேகம் விழுந்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கூடி வியாபாரம் செய்த இரு நிறுவனங்களும் 2001ஆம் ஆண்டில் பிரிந்தன.

அந்தச் சம்பவத்தை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஓர் ஏழைத் தாய் தன் குழந்தைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, கதவோரச் சீட்டில் கண்ட அளவுக்கே காற்றைப் பிடித்து, சட்டம் அனுமதித்த வேகத்திலேயே ஓட்டியிருப்பாளானால், அவள் செய்த பிழை என்ன? அவள் கவனத்தோடு கடைப்பிடித்த அந்த எண்ணே சர்ச்சைக்கு உரியதாக இருந்ததே! விபத்து நடந்த இடத்தில் பார்க்கிறவனுக்கு, ஓட்டியவள் தடுமாறியதாகவே தோன்றும். வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு நாட்களில் நேர்ந்த மரணங்களை ஒரே இடத்தில் வைத்துப் பார்த்த பிறகே, காரணம் அவர்கள் கைகளுக்கு வெகுதூரத்தில் இருந்ததென்று உலகம் அறிந்தது. 2000ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்க சர்க்கார் புதுச் சட்டம் இயற்றி, குறைகளையும் மரணங்களையும் பற்றிய விவரங்களை நிறுவனங்கள் முன்கூட்டியே தெரிவித்தாக வேண்டும் என்று விதித்தது. டயரில் காற்றுக் குறிப்பிட்ட அளவுக்குக் கால்பங்கு குறைந்தவுடன் ஓட்டுநர் முன்னே விளக்கெரியும் கருவியைப் புதிய கார்கள் அனைத்திலும் வைக்க வேண்டும் என்ற நியதியும் அந்தச் சட்டத்திலிருந்தே பிறந்தது. இன்று நம் நாட்டுக் கார்கள் பலவற்றிலும் அந்தச் சிறு விளக்கைக் காண்கிறோம். அது எரியும்போது, 'சென்சார் கோளாறாக இருக்கும்' என்று அலட்சியம் செய்கிறவர்களுக்கு, அதன் பின்னால் 271 உயிர்கள் இருப்பதைச் சொல்லுங்கள்.

அதே 2000ஆம் ஆண்டு ஜூலை மாதம் பாரிஸ் நகரத்து விமான நிலையத்தில், சற்றுமுன் புறப்பட்டுச் சென்ற வேறொரு விமானத்திலிருந்து கழன்று விழுந்து கிடந்த, அரை மீட்டர் நீளமும் இல்லாத உலோகத் தகட்டின்மேல் கான்கார்டு விமானத்தின் சக்கரம் ஏறியது. டயர் வெடித்துத் துண்டுகள் எண்ணெய்த் தொட்டியைத் தாக்கின. 113 பேர் இறந்தார்கள். ஓடுபாதையில் கிடந்த தகடும் ஒரு மனிதர் எங்கோ சரியாகப் பொருத்தாமல் விட்ட தகடுதான். நம் நெடுஞ்சாலைகளில் லாரியிலிருந்து விழும் இரும்புத் துண்டையும், பழுது பார்த்துவிட்டு நடுச்சாலையிலேயே விட்டுச் செல்லும் கருங்கற்களையும் இந்தக் கண்ணோடு பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகு, டயர் வெடிக்கும் அந்தக் கடைசி விநாடியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்குத் துரோகம் செய்தவனாவேன். எல்லாக் கவனத்தையும் மீறிச் சில சமயம் அது வரவே செய்யும். முன்சக்கர டயர் வெடித்தால் வண்டி அந்தப் பக்கமாக இழுக்கும். ஸ்டீயரிங் கையில் கனக்கும். பின்சக்கர டயர் வெடித்தால் ஸ்டீயரிங்கில் அவ்வளவு தெரியாது. வண்டியின் பின்புறம் மிதப்பதுபோல் அசையும். அதுவே மேலும் அபாயகரமானது, ஏனெனில் பின்புறம் வழுக்கத் தொடங்கிவிட்டால் சாமானிய ஓட்டுநரால் அதை மீட்பது அரிது. இரண்டு புதிய டயர்கள் மாத்திரம் வாங்குகிறவர்கள் அவற்றைப் பின்னால் மாட்ட வேண்டும் என்று வல்லுநர்கள் சொல்வது இதனால்தான். எந்தச் சக்கரமானாலும், ஓசை கேட்டவுடன் கால் தானாகவே பிரேக்கைத் தேடும். அந்த இச்சையை அடக்குவதில்தான் உயிர் இருக்கிறது. பிரேக்கை மிதித்தால் பாரம் முன்னோக்கிச் சாய்ந்து பின்சக்கரங்களின் பிடிப்புக் குறையும், பழுதான சக்கரம் ஒருவகையாகவும் நல்ல சக்கரங்கள் வேறுவகையாகவும் நிற்க முயலும், வண்டி சுழன்றுவிடும். இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கை இறுகப் பற்றி, வண்டியை நேராக வைத்திருப்பது ஒன்றையே கருத்திற்கொண்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று பறிக்காமல் மெல்ல மெல்லத் தளர்த்தி, வேகம் தானாகவே வடிந்த பிறகு இடப்புறம் ஒதுங்க வேண்டும்.

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலத்துக்கு வரும் சாலையில் ஒருமுறை நான் பிரயாணம் செய்த காரின் பின்டயர் வெடித்தது. ஓட்டியவர், இளமையில் வடநாடு முழுவதும் லாரி ஓட்டிய ஒரு கொங்கு நாட்டுப் பெரியவர். 'பயப்படாதீங்க சார், வண்டி தன்னால நிக்குமுங்க' என்று சொல்லிக்கொண்டே, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல், கையை ஓர் அங்குலமும் ஆட்டாமல் இருந்தார். வண்டி நீண்ட தூரம் ஓடித் தேய்ந்து ஓரத்தில் நின்றது. நின்றவுடன் அவர் டயரைப் பார்க்கப் போகவில்லை. அபாய விளக்கை எரியவிட்டு, எங்களை இடப்பக்கக் கதவு வழியாக இறக்கி, இரும்புத் தடுப்புக்கு அப்பால் நிற்கச் செய்து, முக்கோணப் பலகையை வண்டிக்கு வெகுதூரம் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த பிறகுதான் ஜாக்கியை எடுத்தார். டயர் வெடித்ததில் தப்பி, ஓரத்தில் நிற்கும்போது பின்னால் வந்த வண்டி மோதி இறந்தவர்களைப் பற்றி அவர் அன்று சொன்னவை இன்னும் என் காதில் இருக்கின்றன. அத்தகைய நிதானத்தை நாம் லைசென்ஸ் கொடுக்கும்போது எவருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை. எட்டுப் போட்டுக் காட்டினால் போதும் என்று விட்டுவிடுகிறோம். இது சர்க்காரின் கவனத்துக்கு உரிய குறை.

இனி லாரிகளைப் பற்றி. பின்னால் இரட்டைச் சக்கரம் மாட்டிய வண்டியில் உட்புற டயர் காற்றிழந்தால் வெளியே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. அதன் பாரம் முழுவதும் வெளிப்புற டயரின்மேல் விழும். பத்து மைல் தாண்டுமுன் இரண்டும் கெடும். கிளீனர் பையன் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரும்புக் கம்பியால் டயர்களைத் தட்டி ஓசையைக் கேட்பது இதற்காகவே. அந்தப் பையனையும் இப்போது செலவு மிச்சம் என்று பல வண்டிகளில் நிறுத்திவிட்டார்கள். புது மேற்பட்டை ஒட்டி ரீட்ரேடிங் செய்த டயரைக் குற்றம் சொல்லும் வழக்கமும் இருக்கிறது. ஆகாய விமானங்களின் டயர்களே பலமுறை ரீட்ரேடிங் செய்து ஓடுகின்றன. டயரின் உடலாகிய கேசிங் நல்ல நிலையில் இருந்து, முறையாகச் சோதித்து, முறையாகச் செய்தால் அதில் தோஷம் இல்லை. காற்றில்லாமல் ஓடி உள்ளே வெந்துபோன கேசிங்கின்மேல், பார்வைக்குப் புதிது போலப் பட்டன், அதாவது மேற்பட்டை, வைத்து ஒட்டிக் கொடுப்பதே பாவம்.

மொட்டை டயரைப் பற்றி விதி தெளிவாக இருக்கிறது: கார், லாரிகளுக்குப் பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் அச்சாகியிருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமலே ரப்பர் முதுமை அடைகிறது. ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் வல்லுநரிடம் காட்டவேண்டும். இவையெல்லாம் ஓட்டுநர்களுக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் தெரிந்தவர் கையில் அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவர் சாலையில் இல்லை. 'இந்த டயரோடு நாக்பூர் போக முடியாதுங்க' என்று சொல்லும் ஓட்டுநருக்கு அடுத்த நடை கிடைக்குமா என்பதே கேள்வி.

நம் சட்டம் இந்த இடத்தில் நியாயமாகவே பேசுகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவு, அபாயம் விளைவிக்கும் குறையுள்ள வண்டியை ஓட்டியவரை மாத்திரம் குற்றவாளியாக்கவில்லை. ஓட்டச் செய்தவரையும், ஓட்ட அனுமதித்தவரையும், அந்தக் குறையை அவர் அறிந்திருந்தாலும் சாதாரண கவனத்தோடு பார்த்தால் அறிந்திருக்கக் கூடுமானாலும், அதே வரிசையில் நிறுத்துகிறது. அதிக பாரத்தைப் பற்றிய 194ஆம் பிரிவும் அப்படியே. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், மிகையான டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2,000 ரூபாய். ஆனால் சோதனைச் சாவடியில் நிற்பவர் ஓட்டுநர் ஒருவரே ஆகையால், ஓட்டச் செய்தவர் என்ற சொல் பெரும்பாலும் புத்தகத்திலேயே தங்கிவிடுகிறது.

இச்சபையில் வண்டி முதலாளிகள் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ள இதைவிடத் தகுந்த இடம் எனக்குக் கிடைக்காது. ஒவ்வொரு நடைக்கும் நீங்கள் எழுதும் டிரிப் ஷீட்டில் டீசல் கணக்கும், பேட்டாக் கணக்கும், சரக்கின் எடையும் இருக்கின்றன. அதில் இன்னொரு பத்தி சேருங்கள். வண்டி புறப்படும் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போதே, உட்புற டயர்களையும் ஸ்டெப்னியையும் சேர்த்து ஒவ்வொன்றின் காற்றளவையும் பட்டனின் நிலையையும் அதில் குறிக்கச் செய்யுங்கள். அந்தப் பத்தியில் மாற்ற வேண்டும் என்று ஓட்டுநர் எழுதிய டயரை மாற்றாமல் வண்டி ஷெட்டை விட்டு வெளியேறலாகாது என்றும், அவ்வாறு எழுதியதற்காக அவருடைய பேட்டாவிலோ அடுத்த நடையிலோ கை வைக்கலாகாது என்றும் உங்கள் சங்கத்தில் தீர்மானம் செய்யுங்கள். அந்தப் பத்தியின் அடியில் ஓட்டுநருடைய கையெழுத்தோடு உங்களுடைய கையெழுத்தும் இருக்கட்டும்.